காது கேட்கிறது, பேச்சுதான் புரியவில்லை: காது மிஷின் வேண்டுமா என்று முடிவெடுப்பது எப்படி?

அப்பாவுக்குக் காது மந்தமாகிறது என்று எங்களுக்குப் புரியவே மூன்று வருஷம் ஆகிவிட்டது. தெருவில் லாரி போனால் கேட்கும், பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவார். அதனால் சந்தேகமே வரவில்லை. ஒருநாள் சாயங்காலம் என் மகள், "தாத்தா, வடை வேணுமா, அடை வேணுமா?" என்று கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே "ஆமாம்மா" என்றார். அவள் திரும்பவும் கேட்டாள். அதே சிரிப்பு, அதே ஆமாம். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வயதாகும்போது வரும் காது மந்தம் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். உள்காதில் நத்தை ஓடு போல் சுருண்டிருக்கும் காக்ளியாவில், கீச்சுக் குரல் போன்ற உச்ச ஒலிகளை வாங்கும் செல்கள் வாசல் பக்கம் இருக்கின்றன. தேய்மானம் அங்கேதான் முதலில். பேச்சில் அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகள் கனமானவை, தாழ்ந்த சுருதி. ச, த, ப, க போன்ற மெய்யொலிகள் மெலிந்தவை, பெரும்பாலும் உச்ச சுருதி. ஆக, கடை, சடை, தடை, படை, வடை எல்லாமே "அடை" என்றுதான் போய்ச் சேரும். சத்தம் வருகிறது, வார்த்தை வரவில்லை. டிவி சத்தத்தை எவ்வளவு ஏற்றினாலும் இது தீராது.

படி 1: ஒரு வாரம் சும்மா கவனியுங்கள்

"உங்களுக்குக் காது கேட்கலையா?" என்று நேரடியாகக் கேட்காதீர்கள். யாராக இருந்தாலும் "நல்லாத்தானே கேட்குது" என்றுதான் சொல்வார்கள், அவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். பதிலாக இவற்றைப் பாருங்கள்:

- "எல்லாரும் முணுமுணுன்னு பேசுறீங்க" என்ற புகார்
- ஆண் குரல் புரிகிறது, குழந்தைகள், பெண்கள் பேச்சு புரியவில்லை
- ஒருவரோடு பேசினால் சரி, கல்யாண வீட்டில், மிக்ஸி ஓடும்போது, மின்விசிறிக்குக் கீழே தடுமாற்றம்
- பேசுபவரின் வாயையே பார்ப்பது, முதுகுக்குப் பின்னால் சொன்னால் "என்ன?" என்பது
- போனை எப்போதும் ஒரே காதில் வைப்பது
- கூட்டமாகப் பேசும் இடத்திலிருந்து மெல்ல எழுந்து போய்விடுவது

கடைசியில் சொன்னதுதான் என் மனசை அதிகம் வருத்தியது. அப்பாவுக்கு வயசாகிவிட்டது, அமைதியாகிவிட்டார் என்றே நாங்கள் நினைத்திருந்தோம்.

படி 2: வீட்டிலேயே ஒரு கிசுகிசுச் சோதனை

மின்விசிறியையும் டிவியையும் நிறுத்துங்கள். அவரை நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு கை தூரம் தள்ளிப் பின்னால் நில்லுங்கள். ஒரு காதை அவரே விரலால் லேசாக அழுத்தி மூடிக்கொள்ளட்டும். நீங்கள் மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு, கிசுகிசுப்பாக எண்ணும் எழுத்துமாக மூன்று சொல்லுங்கள்: "நாலு, க, ஏழு". அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். தவறினால் வேறு மூன்று. ஆறில் மூன்றுகூடச் சரியாக வராவிட்டால் அந்தக் காதை டாக்டரிடம் காட்ட வேண்டும். அடுத்த காதுக்கும் இதே மாதிரி. மூச்சை விட்டபின் பேசச் சொல்வது ஏனென்றால், அப்போதுதான் உங்கள் குரல் தன்னையறியாமல் உயராது.

இது ஒரு வடிகட்டி மட்டும்தான். இதில் தேறினாலும் படி 1-ல் சொன்ன தொந்தரவுகள் இருந்தால் பரிசோதனைக்குப் போங்கள்.

படி 3: காத்திருக்கவே கூடாத அறிகுறிகள்

காலையில் எழுந்ததும் ஒரு காது திடீரென்று கேட்கவில்லை என்றால், அது அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டிய அவசரம். உள்காது நரம்புப் பாதிப்பாக இருந்தால் ஸ்டீராய்டு மருந்தை முதல் சில நாட்களுக்குள், அதிகபட்சம் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் கிடைக்க நல்ல வாய்ப்பு. எங்கள் உறவில் ஒருவர் சளி அடைப்பு என்று நினைத்து மூன்று வாரம் சொட்டு மருந்து போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் காது திரும்பவே இல்லை.

சீழ், ரத்தம், காது வலி, தலைசுற்றல், ஒரே காதில் மட்டும் மந்தம் அல்லது இரைச்சல் இருந்தாலும் தள்ளிப்போட வேண்டாம்.

படி 4: முதலில் இ.என்.டி டாக்டர், பிறகுதான் கடை

நாங்கள் இதைத் தலைகீழாகச் செய்தோம். நேராக ஒரு கடைக்குப் போனோம். பத்து நிமிஷத்தில் ஏதோ பார்த்து, ஒரு மிஷினை மாட்டி அனுப்பிவிட்டார்கள். அது ஒரு வருஷம் அலமாரியில் கிடந்தது.

டாக்டர் முதலில் காதுக்குள் பார்ப்பார். குறும்பி இறுகி அடைத்திருந்தாலே கேட்கும் திறன் குறையும். அதை எடுத்தாலே சரியாகிவிடுபவர்கள் உண்டு. பட்ஸ், ஹேர்பின் போட்டுக் குடைந்தால் குறும்பி இன்னும் உள்ளேதான் போகும். செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதா என்று தெரியாமல் காய்ச்சிய எண்ணெய் ஊற்றுவதும் ஆபத்து. செவிப்பறை ஓட்டை, நடுக்காதில் நீர், அங்கே உள்ள குட்டி எலும்பு இறுகிப்போவது போன்றவற்றுக்கு மருந்தோ அறுவை சிகிச்சையோ இருக்கிறது. மிஷினே தேவைப்படாமலும் போகலாம். சாப்பிடும் மருந்துகள், சர்க்கரை நோய், முன்பு போட்ட, காதைப் பாதிக்கக்கூடிய ஜென்டாமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் ஊசிகள், இரைச்சலான மில்லில் வேலை பார்த்த வருஷங்கள் எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

படி 5: ஆடியோகிராமைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

ஒலிபுகாத அறையில் ஹெட்போன் மாட்டி, "பீப்" கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொல்வார்கள். முடிவில் ஒரு கட்டம் போட்ட தாள் வரும், அதுதான் ஆடியோகிராம். அதைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள், அது உங்களுடையது.

மேலே இடமிருந்து வலமாக 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை சுருதி. தாழ்ந்த ஒலி இடது பக்கம், உச்ச ஒலி வலது பக்கம். மேலிருந்து கீழாக டெசிபல், அதாவது சத்தத்தின் அளவு. கோடு கீழே இறங்க இறங்க அதிகச் சத்தம் தேவைப்படுகிறது என்று அர்த்தம். சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது காது. அப்பாவின் தாளில் 250-ல் 25 டெசிபலில் இருந்த கோடு, 4000-ல் 65-க்குச் சரிந்திருந்தது, மலைச்சரிவு மாதிரி. வடை ஏன் அடை ஆனது என்பது அந்தச் சரிவிலேயே தெரிந்தது.

காதுக்குப் பின்னால் எலும்பில் ஒரு கருவியை வைத்தும் சோதிப்பார்கள். எலும்பு வழியே நன்றாகக் கேட்டு, காற்று வழியே கேட்கவில்லை என்றால் கோளாறு வெளிக்காதிலோ நடுக்காதிலோ. இரண்டும் சேர்ந்தே இறங்கியிருந்தால் உள்காது அல்லது நரம்பு.

500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸில் உள்ள எண்களைக் கூட்டி நான்கால் வகுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 அளவுகோலில், இரண்டில் நன்றாகக் கேட்கும் காதின் சராசரி 20-க்குள் இருந்தால் இயல்பு. 20 முதல் 35 வரை லேசான குறைவு, 35 முதல் 50 வரை நடுத்தரம், 50 முதல் 65 வரை சற்றுக் கடுமை, 65 முதல் 80 வரை கடுமை. சில இடங்களில் பழைய அளவுகோலைப் போட்டிருப்பார்கள், எண் சற்று மாறும்.

இன்னொரு எண்ணையும் கேட்டு வாங்குங்கள்: வசதியான சத்தத்தில் சொன்ன வார்த்தைகளில் எத்தனை சதவீதம் சரியாகத் திருப்பிச் சொன்னார் என்பது. மிஷின் எவ்வளவு உதவும் என்று முன்கூட்டியே ஓரளவு சொல்வது இந்த எண்தான். அது மிகக் குறைவாக இருந்தால் எவ்வளவு விலை உயர்ந்த மிஷினும் ஓரளவுக்குத்தான் கைகொடுக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு, குறிப்பாகக் கடுமையான குறைவு உள்ளவர்களுக்கு, காக்ளியர் இம்ப்ளான்ட் (அறுவை சிகிச்சையில் உள்காதில் பொருத்தி, நரம்பை நேரடியாகத் தூண்டும் கருவி) பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

படி 6: வேண்டுமா, வேண்டாமா?

நடுத்தரமோ அதற்கு மேலோ என்றால் என் பதில்: வாங்குங்கள், தள்ளிப்போடாதீர்கள். லேசான குறைவு என்றால் வாழ்க்கையைப் பாருங்கள். வகுப்பு எடுக்கிறார், கடை நடத்துகிறார், தினமும் பத்துப் பேரோடு பேசுகிறார் என்றால் லேசான குறைவே பெரும் தொல்லை. வீட்டில் இருவரோடு மட்டும் பேசுபவர் ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்து மறுபடி சோதித்துப் பார்க்கலாம்.

"முழுசா கேட்காமப் போனப்புறம் பார்த்துக்கலாம்" என்பது மட்டும் வேண்டாம். வருஷக்கணக்கில் சில ஒலிகளைக் கேட்காத மூளைக்கு அவற்றைத் திரும்பப் பழக்குவது சிரமம். 2023-ல் லான்செட் இதழில் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று 70 முதல் 84 வயதுக்காரர்களை மூன்று வருஷம் கவனித்தது. மொத்தமாகப் பார்த்தால் நினைவு, யோசனை போன்ற அறிவுத்திறன் குறைவதில் மிஷினால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அறிவுத்திறன் குறையும் வாய்ப்பு ஏற்கெனவே அதிகமாக இருந்த பிரிவினரில் அந்தச் சரிவு 48 சதவீதம் மட்டுப்பட்டது.

படி 7: வாங்கும்போது

நீங்கள் காசு கொடுப்பது மிஷினுக்கு மட்டுமில்லை, அதை உங்கள் காதுக்கு ஏற்றபடி அமைத்துத் தரும் ஆடியாலஜிஸ்ட்டின் வேலைக்கும் சேர்த்துத்தான். அவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேட்கத் தயங்காதீர்கள். ஆன்லைனில் மலிவாக வரும் "சவுண்டு ஆம்ப்ளிஃபயர்" எல்லாச் சத்தத்தையும் ஒரேயடியாக ஏற்றும். அப்பாவுக்குக் குறைந்திருந்தது ஆடியோகிராமின் வலது பக்கச் சரிவில், அதாவது உச்ச ஒலிகளில் மட்டும். நன்றாகக் கேட்கும் ஒலிகளையும் சேர்த்து ஏற்றினால் இரைச்சல்தான் மிஞ்சும், மிச்சமிருக்கும் கேட்கும் திறனுக்கும் கேடு.

காதுக்குப் பின்னால் மாட்டுவது, காதுக்குள்ளேயே மறைவது என்று பல வகை உண்டு. விரல் நடுங்குபவருக்கும் கண் மங்கியவருக்கும் பின்னால் மாட்டுவதே வசதி. இரண்டு காதிலும் குறைவு என்றால் இரண்டுக்கும் வாங்குவது நல்லது. எந்தப் பக்கமிருந்து கூப்பிடுகிறார்கள் என்று அப்போதுதான் தெரியும். வாங்குமுன் இந்த நாலையும் கேளுங்கள்:

1. வீட்டுக்கு எடுத்துப்போய் சில நாள் போட்டுப் பார்க்கலாமா, பிடிக்காவிட்டால் பணம் திரும்புமா?
2. காதுக்குள் மெல்லிய மைக் குழாய் வைத்து, மிஷின் தரும் ஒலியை அளந்து அமைப்பீர்களா?
3. எத்தனை முறை இலவசமாக மறுபடி சரிசெய்து தருவீர்கள்?
4. ரிப்பேர் எங்கே, பேட்டரி எங்கே?

விலை சில ஆயிரத்திலிருந்து லட்சத்தைத் தாண்டியும் போகும். முடியாதவர்கள் தமிழ்நாட்டில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். 60 வயதைத் தாண்டிய, வருமானம் குறைந்தவர்களுக்கு மத்திய அரசின் 2017-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனாவிலும் காது மிஷின் உண்டு.

படி 8: முதல் இரண்டு மாதம்

முதல் நாளே கழற்றி வைத்துவிட்டார் அப்பா. "பேப்பர் திருப்புற சத்தம் இவ்வளவா?" குழாய் தண்ணீர், பாத்திரம், தன் குரல், எல்லாமே புதுசு. இது இயல்பு. முதல் வாரம் அமைதியான அறையில் ஒருவரோடு மட்டும் பேச, தினம் இரண்டு மூன்று மணி நேரம். பிறகு நேரத்தைக் கூட்டி, கடைத்தெரு, கல்யாணம் என்று போகலாம். விசில் போல் கீச்சிட்டால் காதுக்குள் சரியாக உட்காரவில்லை அல்லது குறும்பி இருக்கிறது.

ஜிங்க் ஏர் பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்ததும் ஒரு நிமிஷம் காற்றுப்பட விட்டுப் போடுங்கள். குளிக்குமுன் மிஷினைக் கழற்றுங்கள். இரவில் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைத்தால் வியர்வை ஈரம் போகும். வீட்டில் உள்ளவர்கள் கத்தாமல், முன்னால் வந்து, முகம் தெரிய, கொஞ்சம் நிதானமாகப் பேசுங்கள். கத்தினால் உயிரொலிதான் பெரிதாகும், மெய்யொலி அப்படியே கிடக்கும்.

ஒரு சின்ன நோட்டில் எங்கே புரிந்தது, எங்கே புரியவில்லை என்று எழுதி வரச் சொல்லுங்கள். அப்பா எழுதியது: "பேத்தி பேசுவது புரிகிறது. மிக்ஸி ஓடினால் புரியவில்லை. சாப்பிடும்போது தட்டுச் சத்தம் குத்துகிறது." அந்த மூன்று வரியைப் படித்துவிட்டு ஆடியாலஜிஸ்ட் கம்ப்யூட்டரில் மிஷினை மாற்றி அமைத்தார். அடுத்த தடவை நோட்டில் தட்டுச் சத்தம் இல்லை, மிக்ஸி மட்டும் இருந்தது.