ஆக்சிடென்ட் இழப்பீட்டு வழக்கு: முதல் நாளிலிருந்து என்ன செய்வது, எதை நம்பி ஏமாறக் கூடாது

"உயிர் பிழைத்ததே பெரிசு, கேஸ் எல்லாம் எதுக்கு?" விபத்தில் அடிபட்டவரைப் பார்க்க வருபவர்களில் ஒருவராவது இதைச் சொல்லிவிடுவார். என் தம்பியின் பைக்கில் கார் மோதி, வலது காலில் முட்டிக்குக் கீழே எலும்பு முறிந்தபோது எங்களிடமும் சொன்னார்கள். காரை ஓட்டியவரும் பிள்ளைகுட்டிக்காரர். பத்தாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு சமாதானமாக எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் ஸ்டேஷனுக்குப் போனோம். அங்கிருந்த ஏட்டு ஒருவர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, "அவர் பையிலிருந்து எதுவும் போகாதுங்க, இன்சூரன்ஸ் கம்பெனிதான் கொடுக்கும்" என்றார். அவர் சொல்லியிருக்காவிட்டால், மூன்று அறுவை சிகிச்சைகளின் செலவையும் என் அப்பாவின் பென்ஷனிலிருந்தே கட்டியிருப்போம்.

அந்த ஏட்டு சொன்னதுதான் அடிப்படை. ரோட்டில் ஓடும் ஒவ்வொரு வண்டிக்கும் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் (அந்த வண்டியால் அடிபடும் மற்றவர்களுக்கான காப்பீடு) கட்டாயம் என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் சொல்வதே அடிபட்டவர்களுக்காகத்தான். இழப்பீடு கேட்பது ஓட்டியவர்மீது பழி தீர்ப்பது ஆகாது.

முதல் படி: ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொல்லுங்கள்

போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்ற பயத்தில் "வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். அதை டியூட்டி டாக்டர் விபத்துப் பதிவேட்டில் அப்படியே எழுதுவார். அதன் நகலைத்தான் ஏ.ஆர். காப்பி என்கிறோம். ஒரு வருடம் கழித்து இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் முதலில் கையில் எடுப்பது அந்தத் தாளைத்தான். எந்த இடம், எந்த வண்டி, எப்படி மோதியது என்பதை அங்கேயே சொல்லுங்கள். பேச முடியாத நிலை என்றால் கூட வந்தவர் சொல்லட்டும்.

ஆரம்பச் சிகிச்சைக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும் சரி. 2025ல் வந்த மத்திய அரசின் திட்டத்தில் 7 நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய்க்குள் பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம்.

இரண்டாம் படி: எஃப்.ஐ.ஆர்.

அன்றே புகார் கொடுக்காவிட்டால் கேஸ் நிற்காது என்பது தவறு. அடிபட்டவரின் உயிரைக் காப்பாற்றத்தான் குடும்பம் முதலில் ஓடும்; தாமதத்தை மட்டுமே காரணம் காட்டி மனுவைத் தள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2011லேயே சொல்லிவிட்டது. தாமதமானால் காரணத்தைப் புகாரிலேயே எழுதிவிடுங்கள். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.

மோதிய வண்டி நிற்காமல் போய்விட்டதா? அதோடு எல்லாம் முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். பலத்த காயத்துக்கு 50,000 ரூபாயும் உயிரிழப்புக்கு 2 லட்சமும் தரும் தனித் திட்டம் இருக்கிறது. தாசில்தார் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

மூன்றாம் படி: ஒரு ஃபைல் போடுங்கள்

டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மருந்துக் கடை பில், ஆட்டோ செலவு, பிசியோதெரபி ரசீது, லீவு போட்டதற்கான கடிதம் என்று எதையும் தூக்கிப் போடாதீர்கள். சம்பள ரசீது இல்லாதவர்கள் கேஸ் போட முடியாது என்பதும் பொய். கொத்தனாருக்கும் பூ விற்பவருக்கும் தீர்ப்பாயம் ஒரு வருமானத்தைக் கணித்து எடுத்துக்கொள்ளும். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணின் உழைப்புக்கும் பண மதிப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. என் அம்மா போன்றவர்களை நினைத்தால், இதை எல்லோருக்கும் உரக்கச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

நான்காம் படி: மனு எங்கே, எப்போது?

மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் போட வேண்டும். சென்னையில் அது சிறுவழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறது. உளுந்தூர்பேட்டையில் விபத்து நடந்தால் அங்கேதான் அலைய வேண்டும் என்பதில்லை. நீங்கள் குடியிருக்கும் ஊருக்கான தீர்ப்பாயத்திலேயே போடலாம்.

காலக்கெடு விஷயத்தில் மட்டும் பழைய ஆட்கள் சொல்வதைக் கேட்காதீர்கள். "எப்ப வேணா போடலாம்" என்பது ஒரு காலத்தில் உண்மை. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி ஆறு மாதம்தான். போலீஸ் தரப்பிலிருந்து விபத்து அறிக்கை தீர்ப்பாயத்துக்குப் போகும் என்றாலும், அதையே நம்பி உட்கார்ந்துவிடாமல் நம் மனுவைப் போட்டுவிடுவதே பாதுகாப்பு.

"வர்றதுல இத்தனை சதவீதம்" என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே பேரம் பேசுபவர்களிடம் கையெழுத்துப் போடாதீர்கள். தீர்ப்புத் தொகையில் பங்கு கேட்பது வக்கீல்களுக்கான விதிகளுக்கே விரோதம். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும்.

ஐந்தாம் படி: ஊனத்தின் கணக்கு

அதிகம் குழம்புவது இங்கேதான். டாக்டர் 40 சதவீத ஊனம் என்று சான்று கொடுத்தால் வருமான இழப்பும் 40 சதவீதம் என்று நினைத்துவிடுகிறோம். அப்படி இல்லை. அந்தக் காயம் அவர் செய்த வேலையை எவ்வளவு பாதிக்கிறது என்பதே கேள்வி. 2010ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது: இடது கையை இழந்தவர் தச்சரோ டிரைவரோ என்றால் வருமான இழப்பு முழுதாக 100 சதவீதமே ஆகலாம், அரசு அலுவலகக் குமாஸ்தா என்றால் அவர் வேலை அப்படியே இருக்கலாம்.

கணக்கைப் பாருங்கள். 30 வயது எலக்ட்ரீசியன், மாதம் 15,000 ரூபாய், வருடத்துக்கு 1,80,000. வேலைத்திறன் இழப்பு 40 சதவீதம் என்றால் வருட இழப்பு 72,000. இதை வயதுக்கேற்ப நீதிமன்றம் வகுத்த ஓர் எண்ணால் பெருக்குவார்கள்; 26 முதல் 30 வயது வரை அந்த எண் 17. ஆக 12,24,000 ரூபாய். எதிர்கால வருமான உயர்வு, மருத்துவச் செலவு, வலிக்கும் வேதனைக்குமான தொகை எல்லாம் இதற்கு மேல். எனவே ஏணியில் ஏற முடியவில்லை, பாரம் தூக்க முடியவில்லை என்பதை மனுவில் வெளிப்படையாக எழுதுங்கள். டாக்டர் சாட்சி சொல்லும்போதும் அது வர வேண்டும்.

ஆறாம் படி: எதிர்த் தரப்பு சொல்லப் போவது

"உங்கள் மீதும் தவறு" என்பார்கள். பயப்படாதீர்கள். 20 சதவீதம் நம் தவறு என்று முடிவானால் 10 லட்சத்தில் 8 லட்சம் வரும். ஓட்டியவர் கிரிமினல் கேஸில் விடுதலை ஆனாலும் நம் மனு அதனாலேயே விழுந்துவிடாது. இங்கே கேட்கும் நிரூபண அளவு அதைவிடக் குறைவு.

ஒன்று மட்டும் உண்மையிலேயே சிக்கல். நண்பர் காரில் போகும்போது அவரே மரத்தில் மோதி உங்களுக்கு அடிபட்டால், அவரிடம் வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால், உள்ளே இருந்தவருக்குப் பொறுப்பில்லை என்று கம்பெனி சொல்லும். பல தீர்ப்புகளும் அதை ஏற்றிருக்கின்றன. வண்டிக்கும் உள்ளே இருப்பவர்களுக்கும் சேர்த்து எடுக்கும் பேக்கேஜ் பாலிசி என்றால் கவலையில்லை.

கம்பெனியிடமிருந்து சமரசத் தொகை வந்தால், எலும்பில் வைத்த பிளேட்டை எடுக்கும் ஆபரேஷன் இன்னும் பாக்கி இருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு முடிவு சொல்லுங்கள். ஒப்புக்கொண்டு முடித்த பிறகு அதே விபத்துக்கு மறுபடி கேட்க முடியாது. மக்கள் நீதிமன்றத்தில் முடித்தால் அப்பீலும் இல்லை. தீர்ப்பு வந்து, தொகை குறைவு என்று தோன்றினால் உயர் நீதிமன்றத்துக்குப் போக 90 நாள் இருக்கிறது. என் தம்பிக்கு அந்த 90 நாளில் எண்பத்தி மூன்றாவது நாள்தான் அப்பீல் போட்டோம். நீங்கள் அவ்வளவு நாள் விடாதீர்கள்.