கூட்டணுமா, கழிக்கணுமா? வாக்கியக் கணக்கில் பிள்ளைக்கு உதவும் வழி

வெறும் கூட்டல், கழித்தல் என்றால் மளமளவென்று போட்டுவிடும் பிள்ளை, அதே எண்களை நாலு வரிக் கதைக்குள் வைத்துக் கொடுத்தால் பென்சிலைக் கடித்துக்கொண்டு நம் முகத்தைப் பார்க்கும். அடுத்து வரும் கேள்வி எல்லாப் பிள்ளைகளிடமும் ஒன்றுதான்: "கூட்டணுமா, கழிக்கணுமா?" இதற்கு மட்டும் பதில் சொல்லிவிடாதீர்கள். சொல்லிவிட்டால் அந்தக் கணக்கில் பிள்ளை யோசிக்க வேண்டியிருந்த ஒரே இடத்தை நீங்கள் யோசித்து முடித்துவிட்டீர்கள், மிச்சம் இருப்பது ஏற்கெனவே அதற்குத் தெரிந்த கூட்டல்தான்.

பிரான்சில் கிரெனோபிள் நகரத்தின் கணிதக் கல்வி ஆய்வாளர்கள் 1980 வாக்கில் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு கணக்குக் கொடுத்தார்கள். ஒரு கப்பலில் 26 செம்மறி ஆடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன, கப்பல் தலைவரின் வயது என்ன? பெரும்பாலான பிள்ளைகள் எண்களை வைத்து ஏதோ ஒரு கணக்குப் போட்டு ஒரு வயதைச் சொல்லிவிட்டார்கள். (26-உம் 10-உம் சேர்ந்தால் 36, கப்பல் தலைவருக்குப் பொருத்தமான வயதுதான்!) இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போக முடியாது, ஏனென்றால் அந்தப் பிள்ளைகள் முட்டாள்கள் இல்லை, கணக்கு என்றால் அதில் இருக்கும் எண்கள் எல்லாவற்றையும் பயன்படுத்தியாக வேண்டும், எப்படியும் ஒரு விடை வரும், கதையெல்லாம் சும்மா அலங்காரம் என்று நாம் கொடுத்த பயிற்சியிலிருந்தே கற்றுக்கொண்டிருக்கிறார்கள். நாம் மாற்ற வேண்டியது இந்தப் பழக்கத்தைத்தான்.

முதலில் பிள்ளை எங்கே மாட்டிக்கொள்கிறது என்று பாருங்கள். ஆன் நியூமன் என்ற ஆஸ்திரேலியக் கல்வியாளர் 1970-களில் இதற்கென்றே ஐந்து கேள்விகளை வகுத்தார், இதைவிட எளிய வழி எனக்குத் தெரிந்து இல்லை. கணக்கைச் சத்தமாகப் படி. என்ன கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள்? எப்படிக் கண்டுபிடிக்கப் போகிறாய்? செய்துகாட்டு, செய்யும்போதே வாய்விட்டுச் சொல். கடைசியாக, விடையை எழுது. வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனால் ஏதாவது ஓரிடத்தில் பிள்ளை நின்றுவிடும். முதல் கேள்வியிலேயே எழுத்துக்கூட்டித் திணறினால் அது கணக்குப் பிரச்சினையே இல்லை, வாசிப்புப் பிரச்சினை. அன்றைக்கு நீங்களே படித்துக் காட்டிவிடுங்கள், வாசிப்பைத் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம். நாலாவதில் நின்றால் வாய்ப்பாடோ கடன் வாங்கிக் கழிப்பதோ தகராறு செய்கிறது, அதற்கும் தனிப் பயிற்சிதான். ஆனால் பல பிள்ளைகள் நிற்பது இரண்டாவதிலும் மூன்றாவதிலும். இனி சொல்வதெல்லாம் அந்த இரண்டுக்குத்தான்.

எண்களை மறைத்துவிட்டுக் கதையை மட்டும் சொல்லிப் பாருங்கள். "ஒரு பெட்டியில் சில பொத்தான்கள் இருந்தன. அதிலிருந்து கொஞ்சம் எடுத்துவிட்டார்கள்." என்ன நடந்தது? இப்போது பெட்டியில் முன்பைவிடக் கூடுதலாக இருக்கிறதா, குறைவாகவா? இதை வைத்து என்னவெல்லாம் கேள்வி கேட்கலாம்? எண் கண்ணில் படாதவரை பிள்ளையால் எதையும் கூட்டவோ கழிக்கவோ முடியாது, கதையைக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. அதன்பிறகு எண்களைத் திறந்து காட்டினால், எந்த எண் கதையில் எங்கே உட்காருகிறது என்று அதுவே சொல்லும்.

அப்புறம் இந்தக் குறிச்சொல் பட்டியல். "மொத்தம்" என்று வந்தால் கூட்டு, "மீதி" என்று வந்தால் கழி, "ஒவ்வொரு" என்று வந்தால் பெருக்கு என்று மனப்பாடம் செய்ய வைப்பார்களே, அது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. முதல் சில கணக்குகளுக்குச் சரியாக வரும், பிள்ளையும் நம்பிவிடும், அடுத்த கணக்கில் காலை வாரிவிடும். இதைப் பாருங்கள்:

கவினிடம் 12 பென்சில்கள் உள்ளன. இது யாழினியிடம் உள்ளதைவிட 4 அதிகம். யாழினியிடம் எத்தனை பென்சில்கள் உள்ளன?

"அதிகம்" என்ற சொல்லைப் பார்த்ததும் 12-உம் 4-உம் 16 என்று எழுதிவிடும். தப்பு என்று சொல்லாதீர்கள், சொன்னால் அடுத்த நொடியே "அப்போ கழிக்கணுமா?" என்று கேட்டு 8 என்று எழுதிவிடும், எதுவும் புரிந்திருக்காது. பதிலாக ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: யாரிடம் நிறைய இருக்கிறது? கவினிடம். சரி, கவினுக்கு நீளமாக ஒரு பட்டை வரை. அதற்குக் கீழேயே, இடது ஓரம் நேராக இருக்கும்படி, யாழினிக்குக் கொஞ்சம் குட்டையாக இன்னொரு பட்டை. 12 எந்தப் பட்டை? நீளமானது, அதற்குப் பக்கத்தில் 12 என்று எழுது. 4 எங்கே இருக்கிறது? இங்கே அவசரப்படாமல் காத்திருங்கள், ஏனென்றால் 4-ஐக் கொண்டுபோய் யாழினியின் பட்டைக்குள் எழுதும் பிள்ளைகள் நிறைய. 4 என்பது யாழினியிடம் இருப்பது இல்லை, அவள் பட்டையைத் தாண்டிக் கவினின் பட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறதே, அந்தத் துண்டு. அந்தத் துண்டைப் பிள்ளை விரலால் தொட்டுக் காட்டிவிட்டால் கழிக்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம், படமே சொல்லிவிடும்.

இந்தப் பட்டைப் படத்தைச் சிங்கப்பூர் 1980-களில் தொடக்கப்பள்ளிக் கணிதத்துக்குள் கொண்டுவந்தது, இப்போது பல நாடுகளில் பரவிவிட்டது. அழகாக வரைய வேண்டியதில்லை, அளவுகோல் வேண்டாம், வண்ணமும் வேண்டாம். (வண்ணம் கொடுத்தால் கணக்கு மறந்துபோய் ஓவிய வகுப்பாகிவிடும்.) பென்சில் கணக்கு என்பதால் பன்னிரண்டு பென்சிலையும் வரைய விடாதீர்கள், ஒரு பெட்டி போதும். எது பெரியது, எது சிறியது, எதற்குள் எது இருக்கிறது என்பது தெரிந்தால் சரி.

மடங்குக் கணக்கில்தான் இதன் அருமை தெரியும். "அகிலனிடம் இருக்கும் வில்லைகள் மலரிடம் இருப்பதைப் போல 3 மடங்கு. இருவரிடமும் சேர்த்து 48. ஒவ்வொருவரிடமும் எத்தனை?" பெரியவர்கள் உடனே x என்று ஆரம்பித்துவிடுவோம், தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு அது வேறு மொழி. மலருக்கு ஒரு கட்டம், அகிலனுக்கு அதே அளவில் மூன்று கட்டம். மொத்தம் நான்கு கட்டம் சேர்ந்தால் 48, அப்படியென்றால் ஒரு கட்டம் 12. மலரிடம் 12, அகிலனிடம் 36. "3 மடங்கு" என்பதையும் "3 அதிகம்" என்பதையும் போட்டுக் குழப்பிக்கொள்ளும் பிள்ளைக்கு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வரையச் சொன்னால் போதும்.

கதையின் தொடக்கம் தெரியாத கணக்குகள் இன்னொரு வகைத் தொல்லை. "நந்தன் தன்னிடம் இருந்த பென்சில்களில் 8-ஐத் தம்பிக்குக் கொடுத்தான். இப்போது அவனிடம் 15 இருக்கிறது. முதலில் எத்தனை இருந்தது?" கொடுத்தான் என்றால் கழித்தல் என்று பழகிய பிள்ளை 7 என்று எழுதும். நடித்துப் பார்ப்பதுதான் இதற்கு மருந்து. பென்சிலையோ பொத்தானையோ எடுத்து வைத்து, கொடுத்ததைத் திரும்ப வாங்கினால் எத்தனை ஆகும் என்று கேளுங்கள். 23 என்று தானே வரும்.

இரண்டு மூன்று படி உள்ள கணக்கில் பிள்ளை முதல் வரியில் உள்ள எண்களைப் பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பிக்கும். கடைசி வரியிலிருந்து பின்னோக்கி வரச் சொல்லுங்கள். "ஒரு புத்தகத்தில் 96 பக்கங்கள். முதல் 3 நாள் தினமும் 14 பக்கம் படித்தாயிற்று. மீதியை 6 நாளில் சமமாகப் படித்து முடிக்க வேண்டும். நாளுக்கு எத்தனை பக்கம்?" நாளுக்கு எத்தனை என்று சொல்ல என்ன தெரிய வேண்டும்? மீதிப் பக்கம். மீதி தெரிய? படித்தது எவ்வளவு என்று தெரிய வேண்டும். அது தெரியுமா? 14-ஐ 3-ஆல் பெருக்கினால் 42. இனி வந்த வழியே திரும்பினால் மீதி 54, நாளுக்கு 9. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது என்ன என்று ஒரு சொல் எழுத வையுங்கள், வெறும் 42 இல்லை, "படித்த பக்கம் 42". சின்ன வேலைதான், ஆனால் பாதித் தப்பு இதிலேயே நின்றுவிடும்.

விடை வந்ததும் அதைக் கதைக்குள் திரும்பப் போட்டுப் பார்க்கும் பழக்கம் வேண்டும். 9 பக்கம் 6 நாளைக்கு 54, அதோடு 42 சேர்த்தால் 96, பொருந்துகிறது. வகுத்தலில் இது இன்னும் முக்கியம். அமெரிக்காவில் 1980-களின் தொடக்கத்தில் 13 வயதுப் பிள்ளைகளுக்கு நடந்த நாடு தழுவிய மதிப்பீட்டில் ஒரு கணக்கு: ஒரு பேருந்தில் 36 வீரர்கள் போகலாம், 1128 வீரர்களுக்கு எத்தனை பேருந்து வேண்டும்? முக்கால்வாசிப் பேருக்குச் சற்றுக் குறைவானவர்கள் வகுத்தலைச் சரியாகவே செய்தார்கள், ஆனால் 32 என்று சரியான விடை எழுதியவர்கள் நாலில் ஒரு பங்குகூட இல்லை. "31, மீதி 12" என்று எழுதியவர்கள் அவர்களைவிட அதிகம். மீதி 12 பேர் நடந்தா போவார்கள் என்று கேட்க யாரும் இல்லை.

பயிற்சி கொடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். "கழித்தல்" என்று தலைப்புப் போட்டு அதன் கீழே பத்து வாக்கியக் கணக்கு இருந்தால் பிள்ளை ஒன்றைக்கூடப் படிக்க வேண்டாம், பெரிய எண்ணிலிருந்து சின்னதைக் கழித்துக்கொண்டே போகலாம். தலைப்பில்லாமல், நாலு வகையையும் கலந்து, தேவையில்லாத ஓர் எண்ணையும் நடுவில் ஒளித்துவைத்து, இரண்டு மூன்று கணக்கு கொடுத்தால் போதும். எப்போதாவது விடையே சொல்ல முடியாத ஒன்றையும் நுழைத்துவிடுங்கள், அந்தக் கப்பல் தலைவர் மாதிரி.

இன்னொன்று, கணக்கைப் பிள்ளையையே எழுத வைப்பது. 17-ஐ 5-ஆல் வகுக்க வேண்டும், ஆனால் மூன்று கதை வேண்டும், ஒன்றுக்கு விடை 3, ஒன்றுக்கு 4, ஒன்றுக்கு ஆளுக்கு 3 போக மீதி 2 என்று சொல்லுங்கள். 17 மீட்டர் கயிற்றில் 5 மீட்டர் துண்டுகள் எத்தனை வெட்டலாம் என்றால் 3. ஐந்து பேர் உட்காரும் வண்டியில் 17 பேர் போக எத்தனை வண்டி என்றால் 4. 17 வில்லைகளை 5 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 3, மீதி 2. இவற்றை நீங்கள் சொல்லிவிடாதீர்கள், முதலில் அபத்தமாக ஏதாவது எழுதும், எழுதட்டும். எழுதிய கணக்கைப் பிள்ளை உங்களுக்குக் கொடுக்கட்டும், நீங்கள் போடுங்கள், நடுநடுவே வேண்டுமென்றே தப்பாகப் போட்டு எங்கே தப்பு என்று அதையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.