‘புரிஞ்சுதா?’ என்று கேட்டு ஏமாறாதீர்கள்

கற்பித்தல் பயிற்சிக்காக பி.எட். மாணவிகள் நான்கு பேர் எங்கள் நடுநிலைப் பள்ளிக்கு வந்திருக்கிறார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து அவர்கள் பாடம் நடத்துவதைப் பார்த்தால், இருபது வருடத்துக்கு முந்தைய நானே எதிரில் நிற்பதுபோல் இருக்கிறது. குரல் எழும்பாதது, கரும்பலகையை மறைத்து நிற்பது எல்லாம் பத்து நாளில் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். தானாகச் சரியாகாத தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

கூட்டுக் குரலை நம்புவது

“புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது டீச்சர்!”

இதைக் கேட்டதும் அடுத்த பாடத்துக்குப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். நானும் அப்படிப் போனவள்தான்.

ஆறாம் வகுப்பில் ஒரு வருடம், கழித்தலை ஒரே வாரத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுப் பின்னத்துக்குப் போய்விட்டேன். அரையாண்டுத் தாள் திருத்தும்போது, 402-இல் 137 போனால் மீதி எவ்வளவு என்ற கணக்குக்கு 335, 335, 335 என்று தாள் தாளாக வந்தது. பார்த்து எழுதிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, “எப்படிம்மா போட்ட?” என்று கேட்டேன். விரலை வைத்துக் காட்டினாள். “ஏழுல ரெண்டு போனா அஞ்சு. மூணுல சைபர் போனா மூணு. நாலுல ஒண்ணு போனா மூணு. பெரிசுல இருந்துதான் சின்னதைக் கழிக்கணும்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க?”

சொன்னேன்தான். அவசரத்தில் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை அவள் ஒவ்வொரு இலக்கத்துக்கும் விதியாக வைத்துக்கொண்டாள். தினமும் “புரிஞ்சுது” என்று உரக்கச் சொன்னவளும் அவள்தான். பொய் சொல்லவில்லை, புரிந்துவிட்டது என்றே நம்பியிருந்தாள். அரை வருடம் வீணாகிப்போனது.

மறுநாள் நான்கு நூறு ரூபாய் நோட்டு, இரண்டு ஒரு ரூபாய்க் காசு. “கடைக்காரருக்கு 137 ரூபாய் கொடு” என்றேன். சில்லறை மாற்றாமல் கொடுக்க முடியாது. ஒரு நூறைப் பத்துப் பத்து ரூபாயாக மாற்றினாள். அதில் ஒரு பத்தைப் பத்துக் காசுகளாக மாற்றினாள். இப்போது பத்து ரூபாய் ஒன்பது இருந்தது. கையிலிருந்த பத்து ரூபாய்களைப் பார்த்துக்கொண்டே, “அதான் நடுவுல ஒன்பது வருதா!” என்றாள். 137-ஐக் கொடுத்துவிட்டு மீதியை எண்ணினால் 265. சம்பளத்தைத் தாண்டி என்னை இந்த வேலையில் இருத்தி வைத்திருப்பது அந்த ‘அதான்’.

ஆகவே, வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரே ஒரு கணக்கு கொடுங்கள். எல்லோரும் சிலேட்டில் போட்டு ஒன்றாகத் தூக்கிக் காட்டட்டும். கணக்கையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்: 487-இல் 132 என்று கொடுத்தால் தவறாகப் புரிந்துகொண்ட பிள்ளைக்கும் சரியான விடையே வரும், உங்களுக்கு எதுவும் தெரியாது. மூன்று சிலேட்டில் ஒரே தவறான விடை இருந்தால் அடுத்த பாடத்தைத் தொடாதீர்கள்.

விடைத்தாளை மதிப்பெண் வரிசையில் கொடுப்பது

கடைசியாக வாங்கும் பிள்ளை தாளை மடித்துப் பையில் வைத்துவிடும். நீங்கள் சிவப்பு மையில் எழுதிய எதையும் படிக்காது.

பிரம்பு

கூடாது. கல்வி உரிமைச் சட்டம் 2009, 17-ஆம் பிரிவு.

குறை சொல்ல மட்டும் பெற்றோரைக் கூப்பிடுவது

அந்த அப்பா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து நிற்கிறார். பிள்ளையின் நோட்டில் நன்றாக எழுதிய பக்கம் ஒன்றாவது இருக்கும். அவர் வருவதற்கு முன்பே அதைத் தேடி எடுத்து வையுங்கள். முதலில் அதைக் காட்டிவிட்டுப் பிறகு பேசுங்கள்.