கூகுள் டாக்ஸை வைத்துக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுப்பது எப்படி?

எழுதி முடித்த கட்டுரையை மட்டும் வாங்கி மதிப்பெண் போட்டால் மாணவர் எங்கே திணறினார், எதை எழுதி அழித்தார் என்பது நமக்குத் தெரியாமலே போய்விடும். இணையத்திலேயே எழுதித் திருத்த உதவும் கூகுள் டாக்ஸ் போன்ற கருவிகளால் கிடைத்த பெரிய லாபமே, அந்த நடுவழியைப் பார்க்க முடிவதுதான். இதைப் பயன்படுத்தாமல் எழுத்துப்பிழை பார்க்க மட்டும் வைத்துக்கொள்வது வீண்.

முதலில், ஒரு கட்டுரைக்கு ஒரே கோப்பு. முதல் வரைவிலிருந்து கடைசி வரை எல்லாம் அதிலேயே நடக்கட்டும். திருத்தும் அனுமதியோடு உங்களுக்குப் பகிரச் சொல்லுங்கள், வெறுமனே பார்க்கும் அனுமதி இருந்தால் பதிப்பு வரலாறு, அதாவது எப்போது எதை எழுதினார், எதை அழித்தார் என்ற பதிவு, உங்களுக்குத் திறக்காது. ஒவ்வொரு வரைவு முடிந்ததும் அந்தப் பதிப்புக்கு ஒரு பெயர் வைக்கச் சொன்னால் பிறகு தேடுவது சுலபம்.

முதல் வரைவின்போது பிழைதிருத்தியை அணைத்துவிடுங்கள். சிவப்புக் கோடு விழுந்ததும் பிள்ளைகள் சொல்ல வந்ததை விட்டுவிட்டு அந்தச் சொல்லைச் சரிசெய்யப் போய்விடுகிறார்கள். கடைசி வரைவில் போட்டுக்கொள்ளலாம்.

அப்புறம், திருத்தம் சொல்லும் விதம். பரிந்துரை முறையில் நீங்களே வாக்கியத்தை மாற்றிக் கொடுத்தால் மாணவர் ஏற்றுக்கொள் பொத்தானை அழுத்திவிட்டுப் போய்விடுவார், எதுவும் கற்றிருக்க மாட்டார். அதனால் கருத்துப் பெட்டியில் கேள்வியாகக் கேளுங்கள். "மழையால் மக்கள் மிகவும் சிரமப்பட்டனர்" என்று ஒருவர் எழுதியிருந்தால், "யார்? ஒரே ஒருவரைக் காட்டு" என்று மட்டும் எழுதுங்கள். "பக்கத்து வீட்டுப் பாட்டி நாற்காலி மேல் ஏறி நின்று மகனுக்குப் போன் செய்துகொண்டிருந்தார்" என்று அது மாறி வரும்போது, அந்த வாக்கியம் முழுக்க அந்த மாணவருடையது. ஒரு கட்டுரைக்கு இரண்டு மூன்று கேள்விகள் போதும், பக்கம் முழுக்கக் கேட்டால் எதையுமே தொட மாட்டார்கள்.

கேட்டால் கட்டுரையே எழுதித் தரும் சாட்ஜிபிடி விஷயத்துக்கு வருவோம். இது இயந்திரம் எழுதியதா என்று சொல்லும் கருவிகளை நம்பி யார் மேலும் குற்றம் சாட்டாதீர்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அப்படி ஒன்றை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் நிறுத்திவிட்டது. பதிப்பு வரலாற்றைப் பாருங்கள். மொத்தக் கட்டுரையும் ஒரே நொடியில் வந்து விழுந்திருந்தால், அதுவும் முடிவான சாட்சி ஆகாது, வேறெங்காவது எழுதி ஒட்டியிருக்கலாம், ஆனால் பக்கத்தில் உட்காரவைத்து "இந்தப் பத்தி ஏன் இங்கே வருகிறது?" என்று கேட்கலாம். சொந்தமாக எழுதியவர் திக்கித் திணறியாவது ஏதோ ஒரு காரணம் சொல்வார்.

வெள்ளைத் திரையைப் பார்த்தாலே உறைந்துபோகும் பிள்ளைகளுக்குக் குரல்வழித் தட்டச்சு நல்ல உதவி. முதலில் பேசட்டும். பேச்சில் வந்ததை எழுத்து நடைக்கு மாற்றுவதே அன்றைய பாடமாக இருக்கட்டும்.