கிண்ணத்தில் வைத்தால் தொடாது, மேடையில் வைத்தால் விடாது: வீட்டு நாய்க்குச் சாப்பாட்டுப் பழக்கம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை. வஞ்சிரம் ஆறு துண்டு மசாலா தடவி அடுப்பு மேடையில் ஊற வைத்திருந்தேன். காலிங்பெல் அடித்தது, கேஸ் சிலிண்டர். காசு கொடுத்துவிட்டுத் திரும்பினால் தட்டில் மூன்று துண்டுதான் மிச்சம். கீழே பொம்மி, மீசையெல்லாம் மிளகாய்த்தூளோடு தும்மிக்கொண்டிருந்தாள். அதே பொம்மிதான் அன்று காலையில் நான் வேகவைத்துக் கொடுத்த சிக்கன் சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு, சீர்வரிசையில் குறை கண்ட சம்பந்தி மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவள்.

மசாலாவில் பூண்டு விழுது இருந்தது. பயந்துபோய் டாக்டருக்குப் போன் போட்டேன். எவ்வளவு பூண்டு, நாய் எத்தனை கிலோ என்று கேட்டுவிட்டு, சில நாள் கவனித்துக்கொள்ளச் சொன்னார். பிறகு சாதாரணமாக ஒன்று கேட்டார்: "உங்க வீட்ல எத்தனை பேருங்க? ஒவ்வொருத்தரும் அதுக்கு என்ன குடுக்கிறாங்க?"

அதுவரை எனக்கு இவள் சாப்பிட அடம்பிடிப்பது ஒரு பிரச்சினை, திருடுவது இன்னொரு பிரச்சினை. இரண்டும் ஒன்றுதான் என்று அந்தக் கேள்விக்கு விடை தேடியபோதுதான் புரிந்தது. கிண்ணத்தில் இருப்பதை ஒதுக்கினால் அதைவிட ருசியானது வேறு கையிலிருந்து வரும் என்று தெரிந்துகொண்ட நாய் அது. வராவிட்டால் தானே போய் எடுத்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் அதை மாற்ற இரண்டு மாதம் ஆனது. செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

படி 1: உடம்புக் கோளாறா என்று பாருங்கள்

குட்டியிலிருந்தே இப்படியா, திடீரென்று இப்படியா? இதுதான் முதல் கேள்வி. நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த நாய் சட்டென்று நிறுத்தினால் அது அடம் இல்லை. நம் ஊரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது உண்ணிக் காய்ச்சல். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டியது வெளிறியோ மஞ்சளாகவோ இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. கிண்ணத்துக்கு ஆசையாக வந்து, ஒரு வாய் எடுத்துக் கீழே போட்டுவிட்டுப் போனால் பல்வலியாக இருக்கலாம். திடீரென்று அகோரப் பசி வந்தாலும் அப்படித்தான்: குடற்புழு, சர்க்கரை நோய், அரிப்புக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை என்று காரணங்கள் உண்டு.

வளர்ந்த நாய் 24 மணி நேரம் எதையும் தொடாமல் சோர்ந்து கிடந்தால் காத்திருக்காதீர்கள். குட்டிக்கு அவ்வளவு நேரம்கூடக் கிடையாது.

வெயிலையும் கணக்கில் எடுங்கள். மே மாதம் மதுரையில் மதியம் ஒரு மணிக்கு எனக்கே சோறு இறங்காது. காலை ஆறரைக்கும் இரவு எட்டுக்கும் வைத்துப் பார்த்தாலே பாதி நாய்கள் சாப்பிட்டுவிடும்.

படி 2: மூன்று நாள் நோட்டு

இதைத் தாண்டிக்கொண்டு அடுத்த படிக்குப் போகாதீர்கள். ஒரு நோட்டும் பேனாவும் ஃபிரிட்ஜ் மேல் வையுங்கள். நாய்க்கு யார், எப்போது, எதைக் கொடுத்தாலும் எழுத வேண்டும். திட்டக் கூடாது, திட்டினால் எழுத மாட்டார்கள்.

எங்கள் நோட்டில் ஒரு நாள் கணக்கு இது. அப்பா, காலைக் காபியோடு இரண்டு மாரி பிஸ்கட், மாலையில் இரண்டு: சுமார் 100 கலோரி. அம்மா, இட்லி இரண்டு: 100 பக்கம். தம்பி, இரவு ஒரு சப்பாத்தி: 100. "வெறும் வயித்தோட படுக்குதே" என்று நான் கொடுத்த அரை டம்ளர் பால்: 60. சாப்பிடாததால் மனசு கேட்காமல் கொடுத்த அவித்த முட்டை: 70. மொத்தம் 430.

பொம்மிக்கு வயது நான்கு, எடை 14 கிலோ, கருத்தடை ஆனவள். கால்நடை மருத்துவர்கள் போடும் கணக்கு ஒன்று உண்டு. எடையைக் கிலோவில் எடுத்து 0.75 அடுக்குக்கு உயர்த்தி 70-ஆல் பெருக்கினால், சும்மா படுத்திருக்கவே தேவைப்படும் கலோரி வரும். கருத்தடை ஆன, வளர்ந்த வீட்டு நாய்க்கு அதை இன்னும் 1.6-ஆல் பெருக்க வேண்டும். கணக்குப் போடச் சோம்பலாக இருப்பவர்களுக்கு: 5 கிலோ நாய்க்கு ஒரு நாளுக்குச் சுமார் 375, 10 கிலோவுக்கு 630, 20 கிலோவுக்கு 1,060, 30 கிலோவுக்கு 1,435. நாய்க்கு நாய் இது முன்னே பின்னே இருக்கும். பொம்மிக்கு 810 வருகிறது.

அதாவது நான் கிண்ணத்தைக் கொண்டுபோய் வைப்பதற்குள் பாதிச் சாப்பாடு முடிந்துவிடுகிறது. பசியில்லாத நாயைத்தான் நான் "சாப்பிட மாட்டேங்குதே" என்று கெஞ்சிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சாப்பாடு தவிர்த்த தீனி எல்லாம் சேர்ந்து நாள் தேவையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வரம்பு. பொம்மிக்கு அது 80 கலோரி. மூன்று பிஸ்கட்டோடு முடிந்தது. இதை வீட்டில் சொன்னபோது அம்மா, "வாயில்லா ஜீவனைப் பட்டினி போடுறியே, இது அடுக்குமா?" என்றார். நோட்டைக் காட்டினேன். அப்பா மட்டும் அமைதியாக இருந்தார். காரணம் கடைசியில்.

படி 3: வைக்கிற நேரம், எடுக்கிற நேரம்

வளர்ந்த நாய்க்கு நாளுக்கு இரண்டு வேளை. கிண்ணத்தை வையுங்கள், நகர்ந்துவிடுங்கள். 15 நிமிடம். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் எடுத்துவிடுங்கள். அடுத்த வேளை வரை தண்ணீர் தவிர எதுவும் இல்லை. பயிற்சிக்குக் கொடுக்கும் துண்டுகள்கூட அந்த 80 கலோரிக்குள்தான்.

கேட்க எளிது, செய்வது கஷ்டம். முதல் நாள் பொம்மி முகர்ந்துவிட்டுப் போனாள். இரவு பாதி. இரண்டாம் நாள் காலை மறுபடி ஒதுக்கினாள். அன்று மதியம் அப்பாவின் காலடியில் தலையை வைத்துக்கொண்டு பார்த்தாளே ஒரு பார்வை! மூன்றாம் நாள் காலையில் கிண்ணத்தை வைத்து நான் நிமிர்வதற்குள் தலை உள்ளே போய்விட்டது.

குட்டிகள், பொமரேனியன் போலச் சிறிய ரகங்கள், சர்க்கரை நோய்க்கு ஊசி போடுகிற நாய்கள், வயதான நாய்கள் இவற்றுக்கு இந்த முறை வேண்டாம். பட்டினியால் ரத்தச் சர்க்கரை இறங்கி ஆபத்தாகலாம். டாக்டரைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

ஒதுக்கிய உடனே மேலே நெய் விடுவது, ஈரல் தூவுவது, அதற்கும் அசையாவிட்டால் ஆம்லெட் போடுவது, இதெல்லாம் ஏலம் விடுகிற மாதிரிதான். நாய் பொறுத்திருந்தால் விலை ஏறும். ருசி கூட்ட வேண்டுமென்றால் முதலிலேயே கூட்டிவிடுங்கள், வைத்த பிறகு கூட்டாதீர்கள். மனிதர் நாக்கில் 9,000 சுவை மொட்டுகள் வரை உண்டு என்றால் நாய்க்குச் சுமார் 1,700தான். அது மூக்கால் சாப்பிடுகிற பிராணி. பாக்கெட் தீனியில் (எந்தக் கம்பெனியுடையது ஆனாலும் நாம் 'பெடிகிரி' என்றுதான் சொல்வோம்) கொஞ்சம் வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிடம் விட்டால் வாசனை கிளம்பும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சிக்கன் சோற்றைச் சில்லென்று வைத்தால் எந்த நாயும் யோசிக்கும்.

சாப்பாட்டையே மாற்றுகிறீர்கள் என்றால் ஒரு வாரம் எடுத்துக்கொண்டு பழையதில் கொஞ்சம் கொஞ்சமாகப் புதியதைக் கலந்து மாற்றுங்கள். இல்லாவிட்டால் மறுநாள் வீடு கழுவ வேண்டியிருக்கும். கிண்ணம் தரையில் வழுக்கி ஓடுகிறதா, பக்கத்தில் வாஷிங் மெஷின் உறுமுகிறதா என்பதையும் பாருங்கள். பயந்த நாய் சாப்பிடாது.

படி 4: திருட்டுக்கு வழி அடைப்பு

பத்து முறை மேடைமேல் எட்டிப் பார்த்து ஒரு முறை மீன் கிடைத்தால் போதும், அடுத்த நூறு முறையும் நாய் எட்டிப் பார்க்கும். லாட்டரிச் சீட்டு வாங்குகிறவரைப் பாருங்கள், ஒரு முறை விழுந்த பரிசுதான் அவரை ஆயுசுக்கும் வாங்க வைக்கிறது. அதனால் பழக்குகிற நாட்களில் ஒரு முறைகூட வெற்றி கிடைக்கக் கூடாது. சமையலறைக்குக் கதவு இருந்தால் சாத்துங்கள், இல்லையென்றால் குழந்தைகளுக்குப் போடுகிற தடுப்பு கேட். குப்பைக்கூடை மூடியோடு சிங்க்குக்குக் கீழே உள்ளே போகட்டும். அடுப்புப் பக்கம் தாவுகிற நாயாக இருந்தால் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடிவிட்டுப் போங்கள். கால் பட்டு அடுப்புக் குமிழ் திரும்பிவிடலாம்.

இது மீன் போன கவலை மட்டும் இல்லை. நம் சமையலறையில் நாய்க்கு ஆகாதவை நிறைய. வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களைச் சிதைக்கும், அறிகுறி தெரியச் சில நாள் ஆகும். உலர் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும், எனவே பாயசமும் கேசரியும் ஆகாது. திராட்சை நஞ்சாவதற்கு டார்டாரிக் அமிலம் காரணமாக இருக்கலாம் என்று அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் 2021-ல் எழுதினார்கள். அந்த அமிலம் நம் புளியில் ஏராளம். அதனால் சாம்பார் சாதமும் புளியோதரையும் எங்கள் வீட்டில் பொம்மிக்குக் கிடையாது. சாக்லேட், சர்க்கரை இல்லாத சூயிங்கம், வேகவைத்த எலும்பு இவையும் தடை. இவற்றில் ஏதாவது உள்ளே போய்விட்டால் வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று உப்புக் கரைசல் ஊற்றாதீர்கள். உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

படி 5: 'விடு'

சிக்கனை வெறும் தண்ணீரில் வேகவைத்துப் பட்டாணி அளவுக்குப் பிய்த்து வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணத் தீனி ஒன்றை ஒரு கையில் வைத்து மூடி, நாயின் மூக்குக்கு முன்னால் நீட்டுங்கள். நக்கும், காலால் பிறாண்டும், மெல்லக் கடிக்கும். பேசாதீர்கள். சலித்துப்போய் மூக்கை ஒரு நொடி விலக்கும் பாருங்கள், அந்த நொடியில் "சபாஷ்" என்று சொல்லி மற்றக் கையிலிருந்து சிக்கனைக் கொடுங்கள். மூடிய கையில் இருந்ததை எப்போதும் கொடுக்கக் கூடாது. ஐந்து முறை செய்து நிறுத்திவிடுங்கள்.

அடுத்த நாள் இரண்டு நொடி, பிறகு ஐந்து நொடி. அது பழகியதும் கையைத் திறந்தே நீட்டுங்கள், வாய் வந்தால் மூடிக்கொள்ளுங்கள். திறந்த கையைப் பார்த்தும் தானாகவே விலகத் தொடங்கிய பிறகுதான் "விடு" என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். நீட்டுவதற்கு முன் ஒரே முறை, சாதாரணக் குரலில். நான் முதல் வாரமே "விடு விடு விடு" என்று கண்டக்டர் "ரைட் ரைட்" சொல்வது மாதிரி சொல்லிச் சொல்லி அந்த வார்த்தையையே வீணாக்கினேன். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

பிறகு தரை: துண்டைப் போட்டுக் காலால் மறைத்துக்கொள்ளுங்கள், பிறகு மறைக்காமல். பிறகு வாரைப் பிடித்து அதைக் கடந்து நடந்து போங்கள். பிறகு ஸ்டூல், கடைசியில் மேடை. ஒரு கட்டத்தில் இரண்டு முறை தோற்றால் முந்தைய கட்டத்துக்குத் திரும்புங்கள்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. நீங்கள் அறையில் இருக்கும்போதுதான் 'விடு' வேலை செய்யும். நீங்கள் சிலிண்டர் வாங்கப் போனால் கதவுதான் காவல்.

படி 6: ஜமுக்காளம்

மேஜையில் சாப்பிடுகிற வீட்டுக்கு இந்தத் தொல்லை பாதிதான். தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிற வீட்டில் தட்டு நாயின் மூக்குக்கு நேர் எதிரே இருக்கிறது. அதற்கு அதன் இடம் என்று ஒன்று வேண்டும். பழைய ஜமுக்காளத்தை நான்காக மடித்து, சாப்பிடும் இடத்திலிருந்து ஆறேழு அடி தள்ளிப் போடுங்கள். நாய் அதில் கால் வைத்தால் ஒரு துண்டு, நான்கு காலும் வைத்தால் ஒன்று, படுத்தால் இரண்டு. துண்டைக் கையில் கொடுக்காமல் ஜமுக்காளத்தின் மேலேயே போடுங்கள்.

பிறகு ஒருவர் மட்டும் உட்கார்ந்து ஒரே ஒரு இட்லி சாப்பிடட்டும். இன்னொருவர் பத்து நொடிக்கு ஒரு துண்டு ஜமுக்காளத்தில் போட வேண்டும். மெதுவாக அரை நிமிடம், ஒரு நிமிடம், மூன்று நிமிடம் என்று இடைவெளியைக் கூட்டுங்கள். எழுந்து வந்தால் திட்டாமல் திரும்ப அழைத்துப் போங்கள். தட்டிலிருந்து மட்டும் யாரும் எதுவும் கொடுக்கக் கூடாது. எங்களுக்கு ஒரு முழு ராச்சாப்பாடு வரை வர இரண்டு வாரத்துக்குமேல் ஆனது. பரோட்டா வாங்கி வந்த நாளில் மட்டும் தோற்றோம்.

படி 7: ஏற்கெனவே வாயில் இருந்தால்

துரத்தாதீர்கள். துரத்தினால் விளையாட்டாகிவிடும், அல்லது அவசரமாக விழுங்கிவிடும். நான்கைந்து சிக்கன் துண்டுகளைச் சற்றுத் தள்ளித் தரையில் இறையுங்கள். அதைப் பொறுக்கப் போகும்போது கீழே போட்டதை எடுத்துவிடுங்கள். உறுமினால் அங்கேயே நில்லுங்கள். உறுமலுக்கு அடித்தால் அடுத்த முறை உறுமாமலேயே கடிக்கும். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்து நாயும் உறுமுகிறதென்றால் இந்தப் பதிவை நம்பி உட்காராமல், டாக்டரையும் அனுபவமுள்ள பயிற்சியாளரையும் பாருங்கள்.

அரை மணி நேரம் கழித்துக் காலித் தட்டைக் காட்டித் திட்டுவதும் வீண். "தப்பு பண்ணினது அதுக்கே தெரியும், மூஞ்சியப் பாரு" என்போம். அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-ல் இதைச் சோதித்தார். நாய் உண்மையில் தின்றதா இல்லையா என்பதற்கும் அந்த முகத்துக்கும் தொடர்பில்லை. உரிமையாளர் திட்டினால் அந்த முகம் வந்தது, தின்னாத நாய்க்கும் வந்தது.

லாப்ரடார் வளர்ப்பவர்கள் மட்டும் இன்னும் கொஞ்சம் பொறுமையாக இருங்கள். 2016-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வில், லாப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு வயிறு நிறைந்ததை மூளைக்குச் சொல்கிற மரபணுவில் ஒரு துண்டு குறைவாக இருப்பது தெரிந்தது. அதனிடம் ஒதுக்குகிற பிரச்சினை வராது. நான்காம் படிதான் அதற்கு ஆயுள் முழுக்க.

அப்பா விஷயம். பிஸ்கட்டை நிறுத்த முடியாது என்று அவர் சொல்லாமலே தெரிந்தது. அதனால் தினமும் காலையில் ஒரு சின்ன டப்பாவில் அன்றைய 80 கலோரியையும் போட்டு வைக்கிறேன்: இரண்டு மாரி பிஸ்கட், மீதி சிக்கன் துண்டு. யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம், டப்பா காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான். போன வாரம் ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கே டப்பா காலி. அம்மா அப்பாவைக் கை காட்டினார், அப்பா தம்பியைக் கை காட்டினார். பொம்மி ஜமுக்காளத்தில் படுத்து மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.