நடந்ததை எழுதுவது எப்படி? கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து முதலாண்டு மாணவர்களுக்கு

கல்லூரியில் சேர்ந்ததும் தமிழ்த்தாளில் வரும் முதல் பயிற்சிகளில் ஒன்று, "நேரில் கண்ட நிகழ்ச்சி ஒன்றை 300 சொற்களில் எழுதுக" என்பது. கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், முதலமடைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், கடையிலும் பஸ்ஸிலும் மலையாளம். பொள்ளாச்சி மாணவருக்கு வராத சில பிழைகள் இவர்களுக்கு வரும். அந்த மாணவருக்குக் கிடைக்காத ஒரு வசதியும் இவர்களுக்கு உண்டு. இரண்டையும் தெரிந்துகொண்டு எழுத உட்காருவது நல்லது.

முதலில் நிகழ்ச்சியைச் சிறிதாக்குங்கள். "எங்கள் ஊர்த் திருவிழா", "நாங்கள் போன சுற்றுலா" எல்லாம் 300 சொற்களுக்குள் அடங்காது. அடக்க முயன்றால் பட்டியல்தான் மிஞ்சும். அரை மணி நேரத்துக்குள் தொடங்கி முடிந்த ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தென்னந்தோப்பில் போர்வெல் மோட்டார் நின்றுபோய், அதை வெளியே தூக்கியதை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்.

உடனே நீண்ட வாக்கியங்கள் எழுதாதீர்கள். வினைகளை மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள், பத்துக்கு மேல் வேண்டாம்: மோட்டார் நின்றது. அப்பா ஸ்விட்சைப் போட்டார். தண்ணீர் வரவில்லை. மெக்கானிக் வந்தார். முக்காலி நிறுத்தினார்கள். குழாயைத் தூக்கினார்கள். கயிறு வழுக்கியது. அப்பா பிடித்தார். மோட்டார் மேலே வந்தது. சேறு வழிந்தது.

இதற்குப் பத்து நிமிடம் போதும். கதை இதற்குள் இருக்கிறதா என்று இப்போதே தெரிந்துவிடும். ஏதாவது ஒரு வினையில் நிலைமை மாற வேண்டும். இங்கே அது "கயிறு வழுக்கியது". அப்படி ஒரு வினை கிடைக்கவில்லை என்றால் வேறு நிகழ்ச்சியைத் தேடுங்கள், எவ்வளவு அழகாக எழுதினாலும் இது நிற்காது. கிடைத்துவிட்டால் 300-இல் பாதியை அந்த இடத்துக்கு ஒதுக்கிவிடுங்கள். மெக்கானிக்குக்குப் போன் செய்தது, அவர் வரத் தாமதமானது எல்லாம் ஒரு வாக்கியத்தில் கடந்துபோகலாம். பெரும்பாலான கட்டுரைகள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. காலையில் எழுந்து பல் துலக்கியதற்கு ஒரு பத்தி, கயிறு வழுக்கியதற்கு ஒரே வரி.

அந்த இடத்தில் என்ன எழுதுவது? "கயிறு வழுக்கியது. நாங்கள் எல்லோரும் மிகவும் பயந்துவிட்டோம்" என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. பயத்தை விட்டுவிட்டுக் கண்ணில் பட்டதை எழுதுங்கள்: "கயிறு சர்ரென்று உள்ளே ஓடியது. அப்பா செருப்பை உதறிவிட்டு இரண்டு கையாலும் பிடித்தார். கயிறு நின்றது. அவர் கையை விரித்தபோது உள்ளங்கையில் சிவப்பாக ஒரு கோடு." இதில் பயம் என்ற சொல்லே இல்லை.

இனி இலக்கணம். இந்தப் பகுதி மாணவர்கள் எல்லாவற்றுக்கும் முன் கவனிக்க வேண்டியது வினைமுற்று. மலையாளத்தில் ஞானும் "வந்நு", அவனும் "வந்நு", அவரும் "வந்நு". தமிழில் வந்தேன், வந்தான், வந்தார்கள், வந்தன என்று வினையின் வாலே ஆளைச் சொல்லிவிடும். காது மலையாளத்துக்குப் பழகியிருந்தால் அந்த வால் நழுவும். "ஒவ்வொரு மாணவர்களும் வந்தார்கள்" தவறு. "ஒவ்வொரு மாணவரும் வந்தார்". "மாடுகள் வந்தது" பேச்சில் எல்லா ஊரிலும் உண்டு, எழுத்தில் "மாடுகள் வந்தன".

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று இருக்கிறது. மலையாளத்தில் "கேட்டு", "எடுத்து", "கண்டு" ஆகியவை முடிந்த வினைகள், அங்கேயே புள்ளி வைக்கலாம். தமிழில் இதே ஒலிகள் வினையெச்சங்கள், இன்னொரு வினைக்காகக் காத்திருப்பவை. "அவன் கயிற்றை எடுத்து." என்று புள்ளி வைத்தால் மலையாளம் பழகிய காதுக்கு உறுத்தாது, தமிழில் அந்த வாக்கியம் அந்தரத்தில் நிற்கும். எடுத்து என்ன செய்தான்? எழுதி முடித்ததும் ஒவ்வொரு புள்ளிக்கும் முன்னால் உள்ள சொல்லை வட்டமிடுங்கள். அது உகரத்தில் முடிந்தால் ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். "வந்தது", "நின்றது" சரி. "வந்து", "நின்று" என்றால் இன்னும் வேலை மிச்சம்.

வினையெச்சத்துக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. "அப்பா ஸ்விட்சைப் போட்டு மோட்டார் ஓடவில்லை" என்பது தடுக்குகிறது. போட்டவர் அப்பா, ஓடாதது மோட்டார். பொதுவாக "செய்து" என்ற எச்சத்துக்கும் அதை முடிக்கும் வினைக்கும் ஆள் ஒன்றாக இருக்க வேண்டும். ஆள் மாறினால் "போட்டதும்", "போட்டபோது", "போட்டும்" என்று மாற்றுங்கள். "மழை பெய்து குளம் நிறைந்தது" என்பது சரிதான், முதலாவதன் விளைவாகவே இரண்டாவது நடப்பதால் அங்கே ஆள் மாறலாம். எழுந்து, குளித்து, சாப்பிட்டு, கிளம்பி, நடந்து என்று கோத்துக்கொண்டே போவதும் வேண்டாம். மூன்று எச்சம் வந்துவிட்டால் ஒரு முற்று வையுங்கள்.

காலத்தில் குழப்பம் வேண்டாம். நடந்ததை இறந்தகாலத்தில் சொல்லுங்கள், இன்றும் மாறாமல் இருப்பதை மட்டும் நிகழ்காலத்தில் சொல்லுங்கள்: "எங்கள் தோப்பு ஆற்றுக்கு மேற்கே இருக்கிறது. அன்று மோட்டார் நின்றது." கதைக்கு முன் நடந்ததைச் சொல்ல "போன வருஷமும் பழுதாகியிருந்தது" என்று ஒருமுறை "இருந்தது" போட்டால் போதும்.

உரையாடலைப் பேசியபடியே எழுதலாம். மெக்கானிக் "சேட்டா, கயறு விடல்லே!" (அண்ணா, கயிற்றை விட்டுவிடாதீர்கள்) என்று கத்தியிருந்தால் அதை அப்படியே மேற்கோள் குறிக்குள் வையுங்கள், பின்னால் "என்றார்" போதும். குறிக்கு வெளியே வந்துவிட்டால் எழுத்துத் தமிழ்தான். "அவர் வந்துட்டார், பிறகு சென்றார்" என்று ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலப்பது காதில் இடறும்.

மலையாளத்தில் ஒரு பொருளும் தமிழில் வேறு பொருளும் தரும் சொற்களில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். "கிணற்றில் வெள்ளம் வற்றியது" என்று எழுதினால் தமிழ் வாசகர் பெருக்கெடுத்த ஆற்றை நினைப்பார். உங்களுக்கு வேண்டியது தண்ணீர். "எனக்கு ஒரு அவசரம் கிடைத்தது" என்பதில் நீங்கள் சொல்ல நினைத்தது வாய்ப்பு, அவர் புரிந்துகொள்வது பரபரப்பு. அங்கே யோகம் என்றால் கூட்டம், இங்கே அதிர்ஷ்டம். உபன்யாசம் அங்கே கட்டுரை, இங்கே கோயிலில் நடக்கும் சொற்பொழிவு.

இனி அந்த வசதி. பேச்சில் ழ, ள இரண்டையும் ஒன்றாக்கிவிடும் தமிழ் மாணவர்கள் நிறைய. மலையாளம் அவற்றைப் பிரித்தே ஒலிக்கிறது. மழ, வாழ, கோழி, வழி என்று அங்கே ழ கேட்டால் மழை, வாழை, கோழி, வழி என்று இங்கேயும் ழ. ல, ளவும் அப்படித்தான், புலியும் புளியும் உங்களுக்கு ஒருபோதும் குழம்பக் கூடாது. மரம், கறி என்று ர, றவுக்கும் அதே காது உதவும். சந்தேகம் வந்தால் மலையாளச் சொல்லை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

ஒற்றுப்பிழைக்குத் தொடக்கத்தில் நான்கு இடங்கள் போதும். "ஐ"க்குப் பின் மிகும்: கயிற்றைப் பிடித்தார். "கு"வுக்குப் பின் மிகும்: தோப்புக்குப் போனார். அந்த, இந்த, எந்த ஆகியவற்றுக்குப் பின் மிகும்: அந்தக் குழாய். எடுத்து, பார்த்து, கேட்டு போன்றவற்றுக்குப் பின் மிகும்: எடுத்துக் கொடுத்தார். வந்து, நின்று, செய்து ஆகியவற்றுக்குப் பின் மிகாது: வந்து கொடுத்தார். மீதியை அடுத்த பருவத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

எழுதிய அன்றே திருத்தாதீர்கள். மறுநாள் மூன்று முறை படியுங்கள், ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் தேடுங்கள்: முதலில் வினைமுற்று, பிறகு ஒற்று, கடைசியில் சத்தமாக வாசித்து மூச்சு முட்டும் வாக்கியங்களை உடைப்பது. பிறகு தொடக்கத்துக்கு வாருங்கள். "இயற்கை எழில் கொஞ்சும்" என்று ஆரம்பித்திருந்தால் அடித்துவிட்டு "மோட்டார் நின்றது" என்பதிலிருந்து தொடங்குங்கள். அதேபோல் "இந்த நிகழ்ச்சியை என்னால் மறக்கவே முடியாது" என்ற கடைசி வரியை விரலால் மூடிக்கொண்டு படியுங்கள். சேறு வழிந்ததோடு கதை நின்றுவிட்டால், அந்த வரியை எடுத்துவிடலாம்.