பழைய பேஸ் சத்தம் வேண்டும், பட்ஜெட் குறைவு: கிட்டார் தேடும் வழி

கடைக்குப் போய் "விண்டேஜ் பேஸ் இருக்கா?" என்று, அதாவது கீழ்ச்சுரங்களை வாசிக்கும் நாலு கம்பிக் கிட்டாரில் பழையது இருக்கா என்று கேட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். சன்பர்ஸ்ட் நிறத்தில் கைக்குக் கிடைத்த எதையாவது எடுத்து நீட்டுவார்கள், இல்லையென்றால் லட்சத்தில் ஒரு விலையைச் சொல்லி நம்மை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நம்மில் பலருக்கு உண்மையில் வேண்டியது பழைய கிட்டார் கிடையாது, பழைய சத்தம். தும், தும் என்று கட்டையாக விழுந்து, ரீங்காரம் இழுக்காமல் சட்டென்று அடங்குகிற சத்தம். எனக்கு பேஸ் என்று ஒன்று தனியாக இருப்பதே இளையராஜாவின் எண்பதுகளின் பாட்டுகளைக் கேட்டபோதுதான் உறைத்தது, அதை வாசித்தவர் பெயர் சசிதரன் என்று தெரிந்துகொள்ள இன்னும் பல வருடம் ஆனது. அப்புறம் அமெரிக்காவின் மோட்டவுன் இசைத்தட்டுக் கம்பெனியின் பாட்டுகளைக் கேட்டேன். கிட்டார் வாங்கும் ஆசை அங்கேதான் பிடித்தது.

கொஞ்சம் சரித்திரம் தெரிந்தால் காசு மிச்சமாகும், அதனால் சொல்கிறேன். அமெரிக்காவின் ஃபெண்டர் கிட்டார் கம்பெனி பிரிசிஷன் என்ற பேஸை 1951-இல் கொண்டுவந்தது. இப்போது நாம் பார்க்கும், இரண்டு துண்டாகப் பிரிந்து நிற்கும் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) அதற்கு 1957-இல் வந்தது. ஜாஸ் பேஸ் 1960-இல். 1965-இல் கம்பெனியை சிபிஎஸ் என்ற அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனம் வாங்கியது, அதற்கு முன்னால் செய்ததெல்லாம் இன்றைக்கு சேகரிப்பாளர்கள் பீரோவில் வைத்துப் பூட்டும் பொருள். அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், அந்தக் காலத்தில் இவையெல்லாம் அன்றாடம் வேலைக்குப் போகிறவனின் கருவிகள். பால் மெக்கார்ட்னி 1961-இல் ஹாம்பர்க்கில் ஹாஃப்னர் வயலின் பேஸ் வாங்கியதே ஃபெண்டர் கட்டுப்படியாகாததால்தான். ஏறக்குறைய 30 பவுண்டு. (அது 1972-இல் திருடு போய், அவர் கைக்குத் திரும்பி வந்த செய்தி 2024-இல்தான் வெளியானது, அது தனிக் கதை.)

மோட்டவுனில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனை எடுத்துக்கொள்ளுங்கள். கையில் 1962 பிரிசிஷன், அதில் லா பெல்லா கம்பெனியின் தடித்த ஃப்ளாட்வவுண்ட் (மேலே வழவழப்பாகச் சுற்றிய) கம்பி, அறுந்தால் தவிர மாற்றுவதில்லை. கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜின் மூடிக்குள் பஞ்சு. வலது கையில் ஒரே ஒரு ஆள்காட்டி விரல். இந்தப் பட்டியலில் எதெது இன்றைக்கும் மலிவாகக் கிடைக்கும் என்று பாருங்கள்: கம்பி, பஞ்சு, விரல். மரத்துக்கு வயதாகியிருக்க வேண்டும் என்கிற பேச்சை நான் நம்புவதில்லை, நம்புகிறவர்களோடு சண்டையும் இல்லை. என் கணக்கு எளிது. காசை நெக்குக்கு, அதாவது இடது கை பிடிக்கும் கழுத்துக்குக் கொடுங்கள், மிச்சத்தைக் கம்பிக்குக் கொடுங்கள், மற்றதெல்லாம் அலங்காரம்.

சரி, எந்த வகை? குழப்பமாக இருந்தால் பிரிசிஷன் மாதிரி ஒன்று, கண்ணை மூடிக்கொண்டு. ஒரு வால்யூம், ஒரு டோன், தப்பு செய்ய இடமே இல்லை. பிக்கப் இரண்டு துண்டாக இருப்பதால் இரைச்சலும் கிடையாது. ஜாஸ் பேஸில் நெக் தலைப் பக்கம் ஒல்லியாக இருக்கும், அகலம் சுமார் 38 மி.மீ., பிரிசிஷனில் 41-இலிருந்து 44 வரை போகும். சின்னக் கை உள்ளவர்களுக்கு ஜாஸ் சுகம். ஆனால் அதன் இரண்டு சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்பையும் முழுதாகத் திறந்தால்தான் இரைச்சல் அடங்கும், ஒன்றைக் குறைத்ததும் ஹும்ம்ம் என்று ஆரம்பித்துவிடும், அது பழுது இல்லை, அதன் சுபாவமே அப்படித்தான். இந்த இரண்டுக்கும் கம்பி நீளம் 34 இஞ்ச். இதுவே எட்டவில்லை என்றால் 30 இஞ்ச் இருக்கும் மஸ்டாங் வகை, இல்லை ஹாஃப்னர் மாதிரி வயலின் பேஸ். வயலின் பேஸ் உள்ளே கூடாக இருப்பதால் எடையே தெரியாது, சத்தமும் தும்மென்று அழகாக அடங்கும், ஆனால் முதல் பேஸாக அதை வாங்கினால் ஒரே மாதிரிச் சத்தத்தில் மாட்டிக்கொள்வீர்கள் என்பது என் எண்ணம்.

புதிதாக வாங்குவதென்றால் முதலில் பார்க்க வேண்டியது ஸ்கொயரின் கிளாசிக் வைப் வரிசை. ஸ்கொயர் ஃபெண்டருடைய பிராண்டுதான். 2008-இல் இந்த வரிசை தொடங்கியபோது சீனாவில் செய்தார்கள், இப்போது இந்தோனேசியாவில். பெயரிலேயே ஐம்பதுகள், அறுபதுகள், எழுபதுகள் என்று போட்டிருக்கும். பிரிசிஷனில் ஐம்பதுகள் என்றால் முழுக்க மேப்பிள் நெக், அறுபதுகள் என்றால் மேலே கருத்த மர விரல் பலகை. பழைய கருவிகளில் அந்தப் பலகை ரோஸ்வுட். முதலில் பிரேசிலிலிருந்து வந்தது, பிறகு இந்தியாவிலிருந்து, அதாவது நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம். 2017-இல் ரோஸ்வுட் வகைகளின் சர்வதேச வணிகத்துக்குக் கட்டுப்பாடு வந்ததும் பல கம்பெனிகள் வேறு மரத்துக்கு மாறின. ஸ்கொயர் பிடித்துக்கொண்டது இந்தியன் லாரல். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், அது நம் ஊர் கருமருதுதான். கொஞ்சம் வறண்டு வெளுத்துத் தெரியும், லேசாக எலுமிச்சை எண்ணெய் தடவினால் கருத்துவிடும்.

கிளாசிக் வைப் விலை எட்டாவிட்டால் யமஹா பிபி 234-ஐப் போய் வாசித்துப் பாருங்கள். பார்க்க அவ்வளவு பழமையாக இருக்காது, ஆனால் பிரிசிஷன் பிக்கப் ஒன்று, ஜாஸ் பிக்கப் ஒன்று, பேட்டரி இல்லாத எளிய சர்க்யூட். பின்பக்கப் பிக்கப்பை மூடிவிட்டால் வேலை முடிந்தது. அமெரிக்க பேஸ் கலைஞர் மார்க்கஸ் மில்லர் பெயரில் வரும் சைர் பேஸ்களும் கொடுத்த காசுக்கு நன்றாகச் செய்யப்பட்டவை. கடையில் முதலில் காட்டுவது பெரும்பாலும் ஒல்லி நெக்கும் பேட்டரி சர்க்யூட்டும் உள்ள நவீன பேஸாகத்தான் இருக்கும். நல்ல கருவிதான், நாம் தேடுவது அது இல்லை என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். அப்புறம், ஃபேக்டரியிலேயே பெயின்ட்டை உரசி, துருப்பிடித்த மாதிரி செய்து கூடுதல் விலைக்கு விற்பார்கள். புது வேட்டியைக் கிழித்து அதிக விலைக்கு விற்கிற கதை. வேண்டாம்.

வாங்கப் போவது எங்கேயாக இருந்தாலும் முதலில் நேரில் நாலு நெக்கைப் பிடித்துப் பாருங்கள். சென்னையில் இருப்பவர்கள் அண்ணா சாலை மியூசி மியூசிகலுக்கு ஒரு சனிக்கிழமை போகலாம், 1842-இல் தொடங்கிய கடை, கிட்டார் கேட்டு வருகிறவர்களைப் பார்க்காத கடை இல்லை. கையளவு தெரிந்த பிறகுதான் செகண்ட் ஹேண்ட் தேட வேண்டும்.

என் அனுபவத்தில் உண்மையான லாபம் செகண்ட் ஹேண்டில்தான். வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறவர்கள், கல்யாணத்துக்குப் பிறகு வீட்டில் இடம் இல்லாதவர்கள், புதுக் கருவிக்கு மாறும் சர்ச் வாத்தியக் குழுக்கள், கலைந்துபோன மெல்லிசைக் குழுக்கள், இவர்களிடம் இருந்துதான் நல்ல சரக்கு வரும். ஒரு சின்னத் தந்திரம்: நம் ஊரில் விற்கிறவர்களில் பாதிப் பேர் பேஸ் என்பதை ஆங்கிலத்தில் அஸ்திவாரம் என்று பொருள்படும் சொல்லின் எழுத்துக்களில் எழுதிவிடுகிறார்கள். அந்தத் தப்பான எழுத்திலும் தேடுங்கள், போட்டி குறைவு. வெறும் "கிட்டார்" என்று போட்டிருக்கும் படங்களையும் திறந்து பாருங்கள், தலையில் நாலே நாலு பிருடை இருந்தால் அது பேஸ். முன்பணம் மட்டும் எக்காரணம் கொண்டும் அனுப்ப வேண்டாம். "ராணுவத்தில் இருக்கிறேன், டிரான்ஸ்ஃபர் ஆகிவிட்டது, கூரியரில் வரும்" என்று கதை வந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

நான் முதல் தடவை படத்தை மட்டும் பார்த்து வாங்கினேன். பளபளவென்று இருந்தது, ஆமை ஓடு நிறத் தகடு, கிரீம் நிற உடம்பு, பார்த்ததும் மயங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து நெக்கை நீளவாக்கில் ஒரு கண்ணால் பார்த்தால், தடித்த ஈ கம்பிப் பக்கம் ஒரு திசை, மெல்லிய ஜி கம்பிப் பக்கம் இன்னொரு திசை. முறுக்கிய நெக். பழுது பார்க்கிறவர் கையில் வாங்கி, பார்த்து, ஒன்றும் சொல்லாமல் டீ வாங்கிக் கொடுத்தார். அதிலேயே புரிந்துவிட்டது. அதனால் இனி வரும் பகுதியை மட்டும் அவசரமில்லாமல் படியுங்கள்.

முதலில் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) இல்லாமல் வாசியுங்கள். பிரிட்ஜ் பக்கமிருந்து துப்பாக்கி குறிபார்ப்பது மாதிரி நெக்கைப் பாருங்கள். லேசான குழிவு இருக்கலாம், முறுக்கு இருக்கவே கூடாது. குழிவை அளக்க, ஒரு கையால் முதல் ஃபிரெட்டையும் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) மறு கையால் கடைசி ஃபிரெட்டையும் அழுத்தி, எட்டாவது ஃபிரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் எவ்வளவு இடம் என்று நண்பரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழைந்தால் சரி. இடம் கூடுதல் என்றால் நெக்குக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் என்ற உலோகக் கம்பியின் திருகைத் திருப்பிச் சரிசெய்யலாம், ஆனால் அந்தத் திருகு இன்னும் சுற்றுகிறதா என்று விற்கிறவர் முன்னாலேயே கால் சுற்று திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். இறுகிப்போய் அசையவில்லை என்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் நடையைக் கட்டுங்கள். கடலோர ஊர்களில் ஈரப்பதத்தில் நெக் அசைவது சகஜம், அந்தத் திருகுதான் உங்கள் காப்பீடு.

அடுத்து ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃபிரெட்டாக, ஒன்றையும் விடாமல் அழுத்தி மீட்டுங்கள். போரடிக்கும், இருந்தாலும் செய்யுங்கள். ஓரிடத்தில் மட்டும் கரகரத்தால் அங்கே ஃபிரெட் தூக்கியிருக்கலாம் அல்லது தேய்ந்திருக்கலாம். ஜி கம்பியில் ஐந்திலிருந்து ஏழாவது ஃபிரெட் வரை எங்கேயாவது சுரம் சட்டென்று செத்துப்போகலாம். ஃபெண்டர் வகை நெக்குகளில் இது பரவலாக உண்டு, அசலிலேயே உண்டு. ரொம்ப மோசமாக இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் ஹார்மானிக்கையும் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் சுரம்) அழுத்திய சுரத்தையும் ட்யூனர் ஆப்பில் ஒப்பிடுங்கள், சின்ன வித்தியாசத்தை பிரிட்ஜ் திருகில் சரிசெய்துகொள்ளலாம்.

இப்போது ஆம்பில் போடுங்கள், கேபிள் உங்களுடையதாக இருக்கட்டும். குமிழ்களைத் திருப்பும்போது கொரகொர என்றால் பயப்பட வேண்டாம், கான்டாக்ட் கிளீனர் அடித்தால் போய்விடும், ஆனால் முகத்தைச் சுளித்துக் காட்டி ஐந்நூறு ரூபாய் குறைக்கச் சொல்லலாம். கம்பியைத் தொடும்போது இரைச்சல் குறைந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. தோளில் மாட்டிக் கையை எடுத்துப் பாருங்கள், தலை கீழே சாய்கிறதா? எடை நாலு கிலோவுக்குச் சுற்றி இருந்தால் நல்லது, நாலரையைத் தாண்டினால் இரண்டு மணி நேரக் கச்சேரியில் தோள்பட்டை சொல்லிக் காட்டும். கடைசியாக ஒன்று, ஸ்கொயர் நெக்கில் ஃபெண்டர் ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். பெயரைப் பார்த்து விலை கொடுக்காதீர்கள், கையில் இருப்பதற்குக் கொடுங்கள். 1982-இலிருந்து ஜப்பானில் செய்த ஆரம்பகால ஸ்கொயர் தப்பித்தவறி கண்ணில் பட்டால் மட்டும் இந்த அறிவுரையை மறந்துவிடலாம்.

வாங்கியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். அதில் இருக்கும் கம்பி பெரும்பாலும் ரவுண்ட்வவுண்டாக இருக்கும், மேலே வரிவரியாகச் சொரசொரக்கும். ஃப்ளாட்வவுண்ட் பட்டு மாதிரி வழவழப்பு. டடாரியோ குரோம்ஸ், லா பெல்லா, இழுவிசை குறைவாக வேண்டுமென்றால் தோமாஸ்டிக். விலையைப் பார்த்தால் நெஞ்சை அடைக்கும், ஆனால் ஒரு செட் வருடக்கணக்கில் வரும், பழசாகப் பழசாக இன்னும் நன்றாகத்தான் ஆகும். 30 இஞ்ச் பேஸ் என்றால் அதற்கென்று விற்கும் குட்டை நீளக் கம்பியைத்தான் வாங்க வேண்டும். ஃப்ளாட்வவுண்ட் பெரும்பாலும் கூடுதலாக இழுக்கும், நெக் முன்னால் வளையும். ட்ரஸ் ராடைக் கால் சுற்று வலப்புறமாக இறுக்கி, ஒரு நாள் விட்டு, மறுபடி பாருங்கள். அவசரப்பட்டு ஒரே நாளில் ஒரு முழுச் சுற்று வேண்டாம்.

அப்புறம் பஞ்சு. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் பச்சை நாரைக் கிழித்துவிட்டு, மஞ்சள் பகுதியில் விரல் தடிமனுக்கு ஒரு துண்டு வெட்டி, பிரிட்ஜை ஒட்டிக் கம்பிகளுக்குக் கீழே செருகுங்கள். கம்பியை மேலே தூக்காமல் லேசாக உரசினால் போதும். டோன் குமிழைப் பாதிக்குக் கீழே இறக்கி, ஆம்பில் எல்லாவற்றையும் நடுவில் வைத்து, பிக்கப்புக்கு மேலே ஒரே விரலால் வாசியுங்கள். முதல் சுரத்திலேயே சிரித்துவிடுவீர்கள். கழற்றிய ரவுண்ட்வவுண்ட் கம்பிகளைத் தூக்கிப் போடாமல் சுருட்டிக் கவரில் போட்டு வையுங்கள், பிற்பாடு இந்த பேஸை விற்க நேர்ந்தால் வாங்க வருகிறவர் அதைத்தான் கேட்பார்.